ஓடும் பெண்ணுக்கு ஷூ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூர ஓட்டத்தைத் தொடங்கும் பெண்களுக்காகச் சென்ற ஞாயிறு தங்கள் மகளிர் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஷூவுக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மூச்சு, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் பற்றி இருந்தது. உடை பற்றி இருந்தது ஒரே வரி. தளர்வான பருத்தி உடை போதுமாம். இதே யோசனையைக் கேட்டு ஓடி அவதிப்பட்டவள் நான். எனக்கு 47 வயது. ஆறு வருடமாக ஓடுகிறேன்.

என் முதல் அரை மாரத்தானுக்கு, அதாவது 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, தொளதொளவென்ற பருத்தி டி-ஷர்ட், தினமும் போடும் சாதாரண ப்ரா, முந்தைய நாள் வாங்கிய ஷார்ட்ஸ், இவ்வளவுதான் போட்டிருந்தேன். எட்டாவது கிலோமீட்டரில் டி-ஷர்ட் முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், எளிதில் காயாது. பதினான்காவதில் தொடை எரிய ஆரம்பித்தது. ஓடி முடித்த மகிழ்ச்சியில் வேறொன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முதல் குவளைத் தண்ணீரை மேலே ஊற்றியதும் அலறிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால், மார்புக்குக் கீழே ப்ராவின் பட்டை இருந்த இடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கோடு போட்டதுபோல் தோல் உரிந்திருந்தது. முதுகில் கொக்கி அழுத்திய இடத்தில் இரண்டு புண். நான்கு நாள் எந்த உள்ளாடையும் போட முடியவில்லை. கால் வலிக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். கால் வலிக்கவே இல்லை. வலித்த இடத்தை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வாய் வராமைதான் என்னை எழுத வைக்கிறது. எங்களோடு காலையில் ஓட வந்த ஒரு பெண் மூன்றாவது வாரம் நின்றுவிட்டார். முட்டி வலி என்றார். பல மாதம் கழித்துத் தனியாகப் பேசும்போதுதான், மார்பு வலி தாங்காமல் நின்றதாகச் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்வு சொல்லியிருப்போம்.

மார்பகத்துக்குள் அதைத் தாங்கிப் பிடிக்கத் தசை கிடையாது. தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் தாங்குகின்றன. ஓடும்போது அது மேலும் கீழும் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைகிறது. நிமிடத்துக்கு 165 அடி வைப்பவர் அரை மாரத்தானை இரண்டரை மணி நேரத்தில் முடித்தால், ஏறத்தாழ 25,000 அடி வைத்திருப்பார். அத்தனை முறையும் அந்த அசைவு உண்டு, அத்தனை முறையும் தையல் தோலில் உரசுகிறது.

ஆகவே ஷூவுக்குக் கொடுக்கும் கவனத்தை முதலில் ஸ்போர்ட்ஸ் ப்ராவுக்குக் கொடுக்க வேண்டும். தோள்பட்டையைவிட மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைதான் பெரும்பாலான பாரத்தைத் தாங்குகிறது. பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருந்தால் அளவு பெரியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், பட்டை மேலே ஏறி வந்தால் வேண்டாம். போட்டுப் பார்க்கும் அறையிலேயே நின்ற இடத்தில் பத்து முறை குதித்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்து அழுத்தும் வகையைவிடத் தனித்தனிக் கப் வைத்த வகை நன்றாகத் தாங்கும். கடைசியாக அதை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, விளக்கடியில் பிடித்துத் தையல் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நான் எதை வாங்கினாலும் இப்படித்தான் செய்கிறேன். விரலில் தட்டுப்படும் முடிச்சு, முதுகை உறுத்தும் லேபிள், தடித்த மடிப்பு எல்லாம் பத்தாவது கிலோமீட்டரில் ரத்தம் பார்க்காமல் விடாது. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டால், துணி புதிது போல இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

மேல் சட்டைக்கு மெல்லிய பாலியஸ்டர் வகை நல்லது, அது வியர்வையை உறிஞ்சி வைக்காமல் வெளியே கடத்திவிடும். சாக்ஸும் அப்படியே. ஷார்ட்ஸ் தொடைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைத் தாண்டி நீளமாக, மேலே சுருண்டு ஏறாததாக இருக்க வேண்டும். ஏறினால் நீள டைட்ஸுக்கு மாறிவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் நாப்கினின் ஓரம் தொடையை அறுக்கும். எனக்கு மாதவிடாய்க் கப் ஒத்துவந்தது. எதைப் போட்டாலும் உரசும் இடங்களில் வாசலின் தடவாமல் கிளம்புவதில்லை. பந்தய நாளில் புது உடை வேண்டவே வேண்டாம். நீண்ட பயிற்சி ஓட்டத்தில் இரண்டு மூன்று முறை போட்டுப் பழகியதே போதும்.

பெண்கள் ஓடுவதற்கென்று ஒரு ப்ரா முதன்முதலில் உருவானதே 1977இல்தான். அமெரிக்காவில் லிசா லிண்டால் என்ற ஓட்டக்காரர், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகியோருடன் சேர்ந்து ஆண்கள் விளையாடும்போது அணியும் ஜாக்ஸ்ட்ராப் என்ற உள்ளாடைகள் இரண்டை ஒன்றாகத் தைத்துச் செய்து பார்த்தது அது. அதற்குப் பதினோரு ஆண்டு முன், 1966இல், பாபி கிப் என்ற பெண் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானை ஓடி முடித்தார். பெண்களுக்கு அனுமதி இல்லாததால் புதரில் ஒளிந்திருந்து கூட்டத்தோடு சேர்ந்தார். சகோதரரிடம் வாங்கிய ஷார்ட்ஸ், உள்ளே நீச்சல் உடை, மேலே தலையை மூடும் தடித்த சட்டை. புழுங்கித் தவித்தாலும் அதைக் கழற்றினால் பெண் என்று தெரிந்து வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயந்தார். உடன் ஓடிய ஆண்கள் தைரியம் சொன்ன பிறகே கழற்றினார்.

இன்றைக்கும் ஓட்டப் போட்டிகளில் ஆண்களின் அளவில் தைத்த டி-ஷர்ட்டை எங்களிடம் நீட்டுகிறார்கள். தோள் இறங்கித் தொங்கும், இடுப்பில் இறுக்கும், அக்குளை அறுக்கும். பெண்களின் அளவிலும் தைக்கச் சொல்லி ஏற்பாட்டாளர்களை வேண்டுகிறேன். எவ்வளவு மூடுவது, எவ்வளவு திறப்பது என்பது ஓடுகிறவளின் முடிவு. முழுக்கை, முழு நீள டைட்ஸ், தலைத்துணி என்று ஓடினாலும் சரி, குட்டை ஷார்ட்ஸில் ஓடினாலும் சரி, அவள் தோல் புண்ணாகக் கூடாது என்பதே என் கவலை.

அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டு ஓடத் தொடங்கும் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் நீண்ட தூரத்துக்குப் போவதற்குள், வரும் ஞாயிறு இதழிலேயே பருத்தி பற்றிய அந்த வரியைத் திருத்தி, ப்ரா என்ற சொல்லைத் தயங்காமல் அச்சிட்டு, விளக்கமாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓடும் வாசகி ஒருவர்