தொழில் தொடங்கியவனுக்குப் பணம் எப்போது வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளைஞர்கள் வேலை தேடி அலையாமல் தொழில் தொடங்க வேண்டும் என்று தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். சரி. தொடங்கியவர்கள் படும் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். கோவை கணபதியில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துகிறேன்.

எங்கள் ஊர்த் தொழில் வளர்ச்சிக்கு உழைப்பைக் காரணம் சொல்வார்கள். சிலர் சிறுவாணித் தண்ணீரைக்கூடச் சொல்வதுண்டு. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததையும், 1956இல் மில்கள் சேர்ந்து சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை அமைத்ததையும் யாரும் சொல்வதில்லை. மின்சாரம் இல்லாமல் வெறும் உழைப்பால் மோட்டார் சுற்றாது.

இன்றைக்கு எங்களுக்குக் குறைவது துணிச்சல் இல்லை; செய்த வேலைக்குக் கூலி வாங்கித் தரும் ஏற்பாடுதான். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் எங்களுக்குப் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் எனக்கு ஏழு மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட பாக்கி வழக்குகளை விசாரிக்கும் அரசின் வசதிக் குழுவில் மனுப் போடச் சொன்னார் ஆடிட்டர். போடலாம். அப்புறம் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? அங்கே மனுப் போட்டவன் என்று தெரிந்தால் மற்ற கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசரும் ஒதுக்கிவிடுவார். இதற்கிடையில், பில் போட்ட மறுமாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியைக் கட்டியாக வேண்டும். கைக்கு வராத பணத்துக்கு வரி. அதையும் ஓவர்டிராஃப்டில் எடுத்துக் கட்டுகிறேன்.

வாங்கும் நிறுவனம் 45 நாளுக்குள் தராத தொகையைத் தன் செலவுக் கணக்கில் காட்ட முடியாதபடி 2024 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு வந்தது. நல்லதுதான். ஆனால், பணம் கொடுக்கும் ஆண்டில் அந்தச் செலவைக் காட்டிக்கொள்ளலாம் என்பதால், கணக்காண்டு முடியும் மார்ச் மாதம் மட்டும் எங்கள் நினைவு அந்த நிறுவனங்களுக்கு வருகிறது.

ஜிஎஸ்டி சட்டத்தில் வாங்குபவருக்கு இன்னொரு கெடு இருக்கிறது. 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால், அந்தப் பில்லில் உள்ள வரியைத் தன் வரியில் கழித்துக்கொண்டதை (உள்ளீட்டு வரி வரவு) திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு சட்டத்தில் 45, இன்னொன்றில் 180! சிறு பட்டறைகளின் பில்லுக்கு மட்டுமாவது இந்த 180ஐ 45 ஆக்கினால், நான் யார் மீதும் மனுப் போட வேண்டியிருக்காது. ஜிஎஸ்டி போர்ட்டலில் பில் ஏற்கெனவே இருக்கிறது; பணம் வந்ததா என்பதைப் பதிய ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோவை.