பாலிசி எடுத்தால் மட்டும் போதாது, பட்டியலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளிலும் பாரிமுனைக் கடைகளிலும் பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்கள் பலர் இப்போது ஊழியர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடு எடுக்கிறார்கள். மனதாரப் பாராட்டலாம். ஆனால் ஏஜென்ட் நீட்டும் மூன்று கோட்டேஷனில் பிரீமியம் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் பணம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: பாலிசியில் அறை வாடகை பற்றி என்ன இருக்கிறது, ஊழியரின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறதா.

அதற்கு முன் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு. பத்துப் பேர் வேலை செய்தாலே இது கட்டாயம். "நாங்கள்தான் தனியார் பாலிசி போட்டிருக்கிறோமே" என்று விட்டுவிட முடியாது. 2017 ஜனவரி முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. முதலாளி பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். 18,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி 585, ஊழியர் 135, ஆக மாதம் 720 ரூபாய். இதற்குக் குடும்பம் முழுவதற்கும் சிகிச்சை, நோய்க்காலத்தில் 70 சதவீதச் சம்பளம் ஆண்டுக்கு 91 நாள் வரை, 26 வாரப் பேறுகால உதவி, வேலையில் அடிபட்டால் ஊனமுற்றோர் உதவி, உயிர் போனால் குடும்பத்துக்கு மாத உதவி எல்லாம் உண்டு. தனியார் பாலிசி எதிலும் இந்த விலைக்கு இவ்வளவும் கிடைக்காது. கே.கே.நகர், அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரிகளில் கூட்டம் இருக்கிறது, உண்மை. அதற்காக அந்த உரிமையைக் கைவிடச் சொல்லாதீர்கள்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டும் இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பங்களிப்புக் காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. மே மாதம் சம்பளம் ஏறினாலும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடர வேண்டும். ஏப்ரல் முதல் தேதியிலேயே ஏற்றினால் அன்றிலிருந்து அவர் வெளியே. ஆனால் பலன் உடனே நின்றுவிடாது. அக்டோபர்–மார்ச் காலத்தில் போதிய நாள்களுக்குப் பங்களிப்புக் கட்டியிருந்தால் அதற்கான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. இது தெரியாமல் சொந்தக் காசில் ஆஸ்பத்திரிச் செலவு செய்தவர்கள் ஏராளம். சம்பளம் ஏற்றும் கடிதத்திலேயே இந்தத் தேதியையும், தனியார் குழு பாலிசியில் பெயர் சேரும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவாக இருந்து இஎஸ்ஐ பொருந்தாத பட்டறைக்கு ஆபத்து இன்னும் பெரிது. வேலையில் விபத்து நடந்தால் இழப்பீடு முழுவதும் முதலாளி தலையில். 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொடரும் கணக்கு இது: இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு 2020 முதல் உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வயதுக்காரருக்குக் காரணி 207.98. ஆக 7,500-ஐ 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கட்டத் தவறினால் 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதமும் வரலாம். மருத்துவ பாலிசியோ தனிநபர் விபத்து பாலிசியோ இந்தச் சட்டப் பொறுப்பை ஏற்காது. அதற்கென்று உள்ள தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைத்தான் எடுக்க வேண்டும். லேத், பிரஸ், வெல்டிங் வைத்திருப்பவர்கள் முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான், மருத்துவ பாலிசியை அல்ல.

இனி மருத்துவக் குழு பாலிசி. இதன் பெரிய பலம், தனியாக எடுத்தால் மூன்று ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கச் செய்யலாம் என்பது. ஆனால் அது தானாக வராது. பாலிசியின் சலுகைகளும் வரம்புகளும் அடங்கிய ஷெட்யூலில் எழுத்தில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்து சேருமா, பெற்றோரைச் சேர்த்தால் எத்தனை சதவீதம் நாம் கட்ட வேண்டும் என்பவையும் அங்கேதான் இருக்கும்.

அந்த ஷெட்யூலில் மிகக் கவனமாகப் படிக்க வேண்டியது அறை வாடகை பற்றிய வாசகம். மூன்று லட்சம் காப்பீடு, அறை வாடகை அதில் ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். ஊழியர் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் தங்குகிறார். பில் இரண்டு லட்சம்: அறைக்கு 24,000, டாக்டர், மயக்க மருந்து, ஆபரேஷன் தியேட்டர் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம், மருந்து, பரிசோதனை, உடலில் வைக்கும் கருவி 76,000. கூடுதல் வாடகை 12,000-ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்று அவர் நினைப்பார். ஆனால் அறை வாடகை எந்த விகிதத்தில் மீறியதோ அதே விகிதத்தில் டாக்டர், தியேட்டர் கட்டணமும் குறையும். கிடைப்பது 12,000, 50,000, 76,000, ஆக 1,38,000. மீதி 62,000 ரூபாய் ஊழியர் தலையில். மருந்துக்கும் பரிசோதனைக்கும் கருவிக்கும் இந்த விகிதக் கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி; அங்கேயும் வெட்டியிருந்தால் கேள்வி கேளுங்கள். சென்னைத் தனியார் ஆஸ்பத்திரி வாடகையை வைத்துப் பார்த்தால், காப்பீட்டுத் தொகையை உயர்த்துவதைவிட "தனியறை, உச்சவரம்பு இல்லை" என்ற ஒரு வரிக்குக் கூடுதல் பிரீமியம் கொடுப்பதே மேல்.

பிரீமியத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வரிவிலக்குக் கிடைத்தது தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு மட்டும். சட்டம் கட்டாயப்படுத்தாமல் நீங்களாக எடுக்கும் குழு மருத்துவ பாலிசிக்குக் கட்டிய இந்த ஜிஎஸ்டியை, நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் முடியாது. வருமான வரியில் பிரீமியத்தைத் தொழில் செலவாகக் காட்டலாம், ரொக்கமாகக் கட்டாமல் இருந்தால்.

பட்டியலுக்கு வருகிறேன். பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் காப்பீட்டு நிறுவனம் எந்தப் பொறுப்பையும் ஏற்கக் கூடாது என்கிறது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. இடையில் சேரும் ஊழியருக்கான பிரீமியம் நீங்கள் முன்பணமாக வைத்திருக்கும் சிடி கணக்கிலிருந்து கழியும். அதில் பணம் இல்லையென்றால், மெயில் அனுப்பியிருந்தாலும் பெயர் ஏறாது. மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, சேர்ந்தவர், விலகியவர், திருமணம், குழந்தை எல்லாவற்றையும் அனுப்பி, மாற்றம் பதிவானதற்கான எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததா என்று பாருங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் இன்னொரு இடத்தில், அப்பா பெயர் முழுதாக வேறொரு இடத்தில் என்று இருப்பதால், கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் வசதி நின்றுபோவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பிறந்த தேதிக்கும் இதே கதிதான்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்று 2024இல் ஆணையம் விதித்துள்ளது. கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதாக இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், ரசீது, மருந்துச் சீட்டு எல்லாம் அசலாக வேண்டும். ஸ்டென்ட்டோ கண் லென்ஸோ வைத்தால் அதன் ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்.

பிஎஃப் பிடிக்கும் நிறுவனங்களுக்கு இன்னொன்று. அதோடு சேர்ந்த இடிஎல்ஐ காப்பீட்டில், பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்தால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் வரை கிடைக்கும். ஆன்லைனில் நாமினியைப் பதிவு செய்யாததால் அலைபவர்கள் அதிகம். எல்லோரையும் ஒரே நாளில் உட்காரவைத்துப் பதிவு செய்ய வைக்கலாம்.

வேலையை விடுகிறவருக்குப் பொதுவாக அன்றே காப்பீடு நிற்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வசதி உண்டு, குழுவில் இருந்த காலமும் காத்திருப்புக் கணக்கில் சேரும் என்பதை நோட்டீஸ் காலத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம். குழு பாலிசிப் புகாரையும் அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

தொழிற்பேட்டைச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். காப்பீட்டு நிறுவனங்கள் தரும் ஆங்கில ஷெட்யூலை ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பாக்கித் தரும்படி புதுப்பிக்கும்போதே கேளுங்கள். அறை வாடகை வரம்பு, பிரசவ வரம்பு, காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டிபிஏவின் தொலைபேசி எண், பக்கத்தில் உள்ள கேஷ்லெஸ் ஆஸ்பத்திரிகள், இந்த நான்கும் அதில் இருந்து, வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும்.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகர்,
சென்னை-53