கோவை விமான நிலையத்தின் பெயரை வெளிநாட்டு விமான ஒப்பந்தங்களில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
விமான நிலைய விரிவாக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களும், அவிநாசி ரோட்டுப் பக்கம் சிறுதொழில் செய்பவர்களும்,
காளப்பட்டி, சின்னியம்பாளையம் சுற்றுவட்டாரம், கோயம்புத்தூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: துபாய், கத்தார், ஓமன், மலேசியா விமான ஒப்பந்தங்களில் கோவையைச் சேர்க்க மாநில அரசு வழியாக ஒன்றிய அரசுக்குப் பரிந்துரைக்கக் கோருதல், டெர்மினல் வாசல் வரை டவுன் பஸ் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. நிலத்துக்குக் கிடைத்த பணம் பத்தவில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அதற்குத் தனியாக மனுக்கள் கொடுத்திருக்கிறோம். நிலத்தைக் கொடுத்தாச்சு. அந்த நிலத்தில் நீளப்போகிற ரன்வேயில் எந்த நாட்டு விமானம் வந்து இறங்கும் என்பதுதான் இப்போது எங்கள் கேள்வி. இன்றைய நிலைமையில் பார்த்தால் எமிரேட்ஸோ கத்தார் ஏர்வேஸோ ஏர்ஏசியாவோ கோவைக்கு வர ஆசைப்பட்டாலும் வர முடியாது. ரன்வே பத்தாது என்பதால் அல்ல, அவர்கள் நாட்டோடு டெல்லி போட்டிருக்கிற ஒப்பந்தத்தில் கோயம்புத்தூர் என்ற பேரே கிடையாது.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் இந்த மனு பல மேசைகளுக்குப் போகும் என்பதால் சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு நாட்டோடும் நம் அரசு தனித்தனியாக ஒப்பந்தம் போடுகிறது. வாரத்துக்கு எத்தனை சீட், எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஊர்ப் பட்டியலைத்தான் பாயிண்ட் ஆஃப் கால் என்கிறார்கள். ஒரே நாட்டில் இருந்தாலும் துபாய்க்குத் தனி, ஷார்ஜாவுக்குத் தனி ஒப்பந்தம் உண்டு, ஷார்ஜா ஒப்பந்தத்தில் நம் ஊர் இருக்கிறது, அதனால்தான் ஏர் அரேபியா வருகிறது. சிங்கப்பூர் ஒப்பந்தத்திலும் இருக்கிறோம், முன்பு சில்க்ஏர் வந்தது, இப்போது ஸ்கூட் வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கு இந்த இரண்டு பேர்தான். ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பயணிகள் வந்து போகிற விமான நிலையம் இது.

ரன்வே சின்னது, அதனால்தான் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கூட்டங்களில் சிலர் சொல்கிறார்கள். சரி, திருச்சியைப் பார்ப்போம். அங்கே ரன்வே இரண்டரை கிலோமீட்டர்தான், நம்முடையது ஏறக்குறைய மூன்று. இருந்தும் கோலாலம்பூர், கொழும்பு, சிங்கப்பூர் என்று அங்கே வெளிநாட்டு விமானங்கள் வரிசையாக வருகின்றன. நம் ரன்வேயை விடக் கொஞ்சம் நீளம் குறைந்த கோழிக்கோட்டில் ஒரு காலத்தில் ஜம்போ விமானங்களே இறங்கின. மலேசியா, சிங்கப்பூர் மாதிரி தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் நாட்டு விமானங்கள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம் என்று ஒன்றிய அரசு 18 ஊர்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, சுற்றுலா ஊர்கள் என்ற பேரில். திருச்சி, கொச்சி, கோழிக்கோடு, கயா, கஜுராஹோ எல்லாம் அதில் உண்டு, கோவை இல்லை. அந்த ஊர்கள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாதுங்க. ஆனால் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் போகிறவர்கள் எங்கே வந்து இறங்குவார்கள் என்று பட்டியல் போட்ட அன்றைக்கு யாரும் கேட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

டெல்லியில் இருந்து வழக்கமாக வரும் பதிலும் எங்களுக்குத் தெரியும். மெட்ரோ நகரம் அல்லாத ஊர்களை வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் புதிதாகத் தருவதில்லை, இந்தியக் கம்பெனிகள் எந்த ஊரிலிருந்தும் பறக்கலாம், அவர்களைக் கேளுங்கள் என்பார்கள். நம் நாட்டுக் கம்பெனிகள் வளரட்டும் என்ற நோக்கத்தில் தப்பில்லை. 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்கு விமானம் விட்டபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவர்களிடம் விமானம் இருந்தால்தானே இங்கே விடுவார்கள், லாபம் கூடுதலாக வருகிற ஊருக்குத்தான் முதலில் அனுப்புவார்கள், அது அவர்கள் வியாபாரம். அதுவரைக்கும் கொங்கு நாட்டுக்காரன் ராத்திரி பத்து மணிக்குக் கார் பிடித்து, வாளையார் தாண்டி, குதிரான் சுரங்கம் தாண்டி, கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரிக்குப் போய் விமானம் ஏற வேண்டியிருக்கிறது. ஈரோட்டுக்காரர்களும் கரூர்க்காரர்களும் பெங்களூருக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே பன்னாட்டு விமான நிலையம் என்று போர்டு இருக்கிறது. 2012 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை கொடுத்த அந்தஸ்து அது.

சரக்கு விஷயம் இதைவிட மோசம். நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. பெரும்பாலும் தூத்துக்குடியில் கப்பல் ஏறும், ஆனால் சாம்பிள் அனுப்பவும், டையிங்கில் நாலு நாள் தாமதமாகிவிட்டால் ஆர்டரைக் காப்பாற்றவும் விமானம்தான் வேண்டும். இங்கே வருகிறதெல்லாம் ஏ320 மாதிரிச் சின்ன விமானம். பயணிகளின் பெட்டி போக அதன் வயிற்றில் மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். அகல உடல் கொண்ட பெரிய விமானம் என்றால், பெட்டிகளைப் பலகையில் அடுக்கிக் கட்டி, பேலட் பேலட்டாக ஏற்றலாம். அது இங்கே இல்லாததால் திருப்பூர் பெட்டிகள் லாரியில் பெங்களூருக்கும் சென்னைக்கும் கொச்சிக்கும் போய் அங்கிருந்து பறக்கின்றன, லாரி வாடகை சின்ன எக்ஸ்போர்ட்டர் தலையில் விழுகிறது. துணியாவது ஒரு நாள் தாங்கும். காரமடைக் கருவேப்பிலையும் சத்தியமங்கலம் மல்லிகையும் தாங்குமா? ஷார்ஜா விமானத்தில் இடம் கிடைத்தால் ஆச்சு, கிடைக்காவிட்டால் பறித்த பூவுக்கு அன்றைக்கு விலை இல்லை.

இந்த விமான நிலையத்தின் கதையே காத்திருப்புதான். 1940இல் பீளமேட்டில் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் தபால் முகவரியில் இன்னும் சிவில் ஏரோட்ரோம் போஸ்ட் என்றுதான் எழுதுகிறோம். டகோட்டா, ஃபாக்கர் மாதிரி விசிறி விமானங்கள் வந்த காலம் போய் ஜெட் வந்தபோது ரன்வே பத்தவில்லை. எண்பதுகளில் நிலையத்தை மூடி ரன்வேயை நீட்டினார்கள், அந்த ஆண்டுகளில் சூலூர் விமானப்படைத் தளத்தில்தான் போய் ஏற வேண்டும், 1987இல்தான் மறுபடி இங்கே திறந்தார்கள். வெளிநாட்டு விமானம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. அப்புறம் 2010 வாக்கில் இப்போதைய விரிவாக்கப் பேச்சு ஆரம்பித்தது. 600 ஏக்கருக்கு மேல் நிலம், ரன்வே 3,810 மீட்டர் என்றார்கள். சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், காளப்பட்டி, இருகூர் கிராமங்களில் சர்வே எண்ணைக் குறித்துவிட்டுப் போனார்கள், அதோடு எங்கள் நிலம் விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் வருஷக்கணக்கில் கிடந்தது. பிள்ளை கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த காட்டைக் கேட்டு வந்தவர்கள், ஏர்போர்ட் எடுக்கிற இடமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் மாநில அரசு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து நிலத்தை எடுத்தது. நாளைக்கு ஒன்றிய அரசு விமான நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்தால் நிலத்தின் பங்கு யாருக்கு என்று இரண்டு அரசுக்கும் நடந்த இழுபறியில் இன்னும் கொஞ்ச காலம் போனது. எல்லாம் முடிந்து இப்போது நிலம் விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு, ரன்வே முடிந்த அன்றைக்குத்தான் ஒப்பந்தப் பேச்சையே ஆரம்பிப்போம் என்றால் எங்களால் தாங்க முடியாதுங்க. இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசுகிற வேலைக்குத் தார் ரோடு காய வேண்டியதில்லை, இப்போதே ஆரம்பிக்கலாம்.

ஒப்பந்தத்தை நீங்கள் மாற்ற முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறோம். ஆனால் நிலத்தை எடுத்தது இந்த மாவட்ட நிர்வாகம். எங்களோடு உட்கார்ந்து பேசி, ஊர் வளரும், ஏற்றுமதி பெருகும் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியதும் இதே நிர்வாகம். அதனால் இந்த மனுவை வெறுமனே மேலே தள்ளிவிடாமல், உங்கள் பரிந்துரைக் குறிப்போடு தொழில் துறைச் செயலாளருக்கு அனுப்பி, மாநில அரசு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறைக்குக் கடிதம் எழுதும்படி செய்ய வேண்டுகிறோம். நாலு ஒப்பந்தமும் ஒரேயடியாக முடியாது என்றால் முதலில் துபாயும் மலேசியாவும் போதும். ஆசியான் பட்டியலைத் திருத்தும்போது கோவையைச் சேர்க்கவும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று, இது உங்கள் கையிலேயே இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் அவிநாசி ரோட்டில் சித்ரா ஸ்டாப்பில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள், இல்லையென்றால் கேட்ட காசைக் கொடுத்து ஆட்டோவில் போகிறார்கள். வளைகுடாவில் கூலி வேலைக்குப் போகிற பையனுக்கு அந்த ஆட்டோ காசும் காசுதான். காந்திபுரத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும், ஷார்ஜா, சிங்கப்பூர் விமான நேரத்தை ஒட்டி, டெர்மினல் வாசல் வரை பஸ் விடப் போக்குவரத்துக் கழகத்துக்கு உத்தரவிட வேண்டுகிறோம். பத்து கிலோமீட்டர் மேம்பாலம் அவிநாசி ரோட்டில் வந்த பிறகு காந்திபுரம் பஸ்ஸுக்கு நேரமும் மிச்சம்.

மனு பெற்றதற்கான எண்ணையும், தொழில் துறைக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் கொடுத்தால், அடுத்து எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பின்பக்கம் கையொப்பமிட்டுள்ள
காளப்பட்டி, சின்னியம்பாளையம் வட்டார மக்கள்