அசனத் தாளில் பெயர் வராதவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு, உங்கள் செயலாளரின் ஸ்தோத்திரம்.

போன சனிக்கிழமை நம் கோயில் அசனம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து, நல்லபடியாக முடிந்தது. நீ எந்தக் கோயில், எந்தச் சாமி என்று பந்தியில் யாரையும் கேட்கவில்லை. திருநெல்வேலிச் சீமையில் அசனம் என்றால் அப்படித்தானே. பணமும் ஆடும் தந்தவர்களின் பெயரைப் போதகர் ஐயா ஆராதனையிலேயே வாசித்துவிட்டார். அந்தத் தாளில் வராதவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் கைப்பிடி அரிசி தரும் அக்காமார். தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து டப்பாவில் சேர்த்து, ஞாயிறன்று கோயிலில் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள். பொன்னி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி எல்லாம் கலந்த மூட்டை அது. ஏலம் விடும்போது, "ஒண்ணு வெந்தா ஒண்ணு வேகாதே" என்று கேலி செய்துகொண்டே கூடுதல் விலைக்கு எடுப்பார்கள். அந்தக் காசில்தான் கத்தரிக்காயும் விறகும் வாங்கினோம்.

இனி என் தவறு. ஆள் கணக்கைக் குறைத்துப் போட்டது நான்தான். முதல் பந்தி எழுவதற்குள் ஓலைப்பெட்டியில் அடி தெரிந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனார். அரை மணி நேரத்தில் அடுத்த ஞாயிற்றுக்கு வைத்திருந்த டப்பாக்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு வீட்டார் நம் சபையே இல்லை, அவர்கள் சொளவில் அள்ளி வந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டோம். இரண்டாம் பந்தியில் சோறு அங்கங்கே நறுக்கென்று இருந்ததே, காரணம் அதுதான். முகம் சுளிக்காமல் சாப்பிட்டவர்களுக்கும் நன்றி.

அப்புறம், அண்டா தேய்த்த வாலிபர்கள். கரி போக மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததில் ஒருவன் விரலில் இன்னும் கட்டு இருக்கிறது.

கணக்கு பார்த்த இருவரையும் சொல்ல வேண்டும். பத்து ரூபாய் உதைத்தது என்று இரவு பதினொன்று வரை உட்கார்ந்திருந்தார்கள். என் பையிலிருந்து போட்டுவிடுகிறேன் என்றேன், விடவில்லை. வேதத்தில் வருகிற உக்கிராணக்காரனை, அதாவது எசமானின் சொத்தைப் பார்த்துக் கணக்குக் கொடுக்கிறவனை, சாவிக்கொத்து வைத்திருக்கும் பெரிய ஆள் என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். சரி, இவர்களிடம் இருந்தது ஒரு பால்பேனாவும் கிழிந்த நோட்டும். கணக்கு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது, பாருங்கள், கேளுங்கள்.

ஒரு சின்ன அண்டாவும் இரண்டு கரண்டியும் யாருடையவை என்று தெரியாமல் கோயில் அறையில் கிடக்கின்றன. டப்பாக்களும் அங்கேதான். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சபைச் செயலாளர்