சார் பழக்கிய மூச்சு

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நம் பௌதிக சாருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. தாராவி, செம்பூர், முலுண்ட் என்று எல்லாப் பக்கமிருந்தும் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் அவரிடம் கபடி ஆடிய மராத்திப் பிள்ளைகள். சார் வீட்டு அம்மா தைரியமாக இருக்கிறார்கள். உன்னையும் விசாரித்தார்கள்.

உன் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கபடியும் நாடகமும் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், சாருடைய முறை வேண்டும் என்று எழுதியிருந்தாய். அவர் ஒன்றையும் தாளில் எழுதி வைக்கவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் பௌதிகம், சாயங்காலம் ஆடுகளம், ராத்திரி ஒத்திகை. மூன்று இடத்திலும் அவர் பிடித்துத் திருத்தியது ஒரே தவறைத்தான்: தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, முடிவுக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நிற்பது. கணக்கின் விடையில் அலகு எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான் போடுவாரே, அதே கண்டிப்பு.

ஆடுகளத்தை எடுத்துக்கொள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ‘கபடி கபடி’ என்று எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனுக்கு 30 வினாடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் அவன் தாண்ட வேண்டிய பால்க் கோடு, அதற்கு அப்பால் 1 மீட்டரில் கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. புதுப் பையன் நடுக்கோட்டைத் தாண்டும்போதே பயத்தில் பெருங்குரலில் பாடுவான். போனஸ் கோட்டைத் தொடும்போது நெஞ்சு காலி. யாராவது இடுப்பைக் கட்டிவிட்டால் மிச்சக் காற்றும் வெளியே போய்விடும், பாட்டு அறுந்துவிடும். கை நடுக்கோட்டை எட்டினாலும் அவன் அவுட். அதனால் சார் முதலில் பாட்டைத்தான் திருத்துவார். ‘கபடி’யில் க, ப, டி மூன்றும் காற்றை அடைத்துத் திறக்கும் எழுத்துகள். சுத்தமாக அடைத்துச் சொன்னால் காற்று சிக்கனமாகப் போகும். ‘கவடி கவடி’ என்று குழைத்தால் ஒழுகிவிடும். நம் பக்கத்துச் சடுகுடுவும் இந்த ஊர்ப் பழைய ஹுதுதுவும் இதே சூட்சுமம்தான் என்பார்.

பயிற்சி இப்படி. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு கனமான நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். மூச்சிழுத்தால் புத்தகம் உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. நாலு எண்ணிக்கைக்கு இழுத்து, ‘ஸ்’ என்று சீராக விட வேண்டும். முதல் வாரம் 15 வினாடி, அடுத்தது 20, பிறகு 30. நெஞ்சு நிறைய இழுக்க விடமாட்டார், முக்கால்தான். முழுக்க இழுத்தால் கழுத்து இறுகும், வெளியே விடும்போது கட்டுப்பாடு இருக்காது. தலை சுற்றுகிறது என்று எவனாவது சொன்னால் அவனை அன்றைக்கு அதோடு நிறுத்திவிடு. மூன்றாவது வாரத்தில் நின்றுகொண்டு பாட்டு, நாலாவதில் ஓட்டத்தோடு பாட்டு. கடைசியில், ஒருவன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொள்ள, மற்றவன் பாடிக்கொண்டே மூன்று அடி நகர வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தில் உயிர் போகிற இடமே அதுதான்.

(பிடிப்பில் ஒன்று மட்டும்: பிடிக்கிறவர்கள் கைசேர்த்துச் சங்கிலி போடும்போது விரலோடு விரல் கோக்க விடாதே. இழுப்பில் விரல் பிசகும். உள்ளங்கையை உள்ளங்கையில் கொக்கிபோல் மாட்டச் சொல்.)

இனி மேடை. இதில்தான் சார் பெரிய மனுஷர். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, மூச்சு குறைகிற இடமும் அதுதான் என்பார். ‘நான் அவனை அடிக்கலை’ என்று ஒரு வசனம். ‘நான் அவனை’ வரைக்கும் கணீரென்று சொல்லிவிட்டு ‘கலை’யை விழுங்கினால், அடித்தானா இல்லையா என்று பத்தாவது வரிசைக்குத் தெரியாது. நாடகமே அந்த ஒரு அசையில் தொங்கும். வசனத்தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கும் பென்சிலால் அடிக்கோடு போடச் சொல்வார். பிறகு தலைகீழ்ப் பாடம்: முதலில் ‘அடிக்கலை’ மட்டும், அப்புறம் ‘அவனை அடிக்கலை’, பிறகு முழுவதும். மூன்று தடவையும் கடைசி அசை ஒரே அளவில் கேட்க வேண்டும். அவர் அரங்கின் கடைசி வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். வாயசைவைப் பார்த்து ஊகிக்க இடமே கொடுக்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை. கடைசிச் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளைகள் அதில் போய்க் கத்துவார்கள். அது பேச்சாக இருக்காது, முழக்கமாகிவிடும். கத்தல் கூடாது, காற்று இருந்தால் போதும்.

காலி அரங்கை நம்பாதே. ஆள் இல்லாத சுவர்கள் குரலைத் திருப்பி அனுப்பும், ஒத்திகை பிரமாதமாகக் கேட்கும். ஜனம் நிறைந்ததும் உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். மின்விசிறிச் சத்தம் வேறு. கடைசி இரண்டு ஒத்திகையை எல்லா விசிறியையும் சுழலவிட்டு நடத்து. ஷண்முகானந்தா மாதிரி 2,700 பேருக்கு மேல் உட்காரும் இடத்தில் மைக் இல்லாமல் முடியாது. ஜுஹுவில் பிருத்வி 200 பேர் அளவுக்கான சின்ன அரங்கம்தான், ஆனால் மூன்று பக்கமும் பார்வையாளர்கள். எப்படித் திரும்பினாலும் ஒரு பக்கத்துக்கு முதுகு. அங்கே திரும்பிக்கொண்டே வாக்கியத்தை முடித்தால் வினைச்சொல் அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேராது. நின்று முடித்துவிட்டுத் திரும்பு என்பார்.

தொண்டை கட்டிய பையனைக் கிசுகிசுவென்று பேச விடாதே. அது ஓய்வு இல்லை, தொண்டைக்கு இன்னும் வேலை. ஒரு நாள் வாயே திறக்காமல் இருக்கச் சொல்.

சாருடைய ஸ்டாப்வாட்சை உனக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா எடுத்து வைத்திருக்கிறார்கள். சாவி கொடுக்கும் பழைய வகை. சும்மா கிடந்தால் எண்ணெய் இறுகிவிடும், வாரம் ஒரு தடவையாவது ஓடவிடு. அடுத்த மாதம் ஊருக்கு வரும் என் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். 30-இல் அவர் கீறிய கோடு கண்ணாடி மேல் இன்னும் தெரிகிறது.

அன்புடன்,
உன் பழைய தோழன்