இதயச் செயலிழப்பு உள்ளோருக்கான உடற்பயிற்சிக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவதல்ல, அதன் பம்பிங் வலு குறைவது. அந்நோய் உள்ளோருக்காக இறையருளாலும் உங்கள் கொடையாலும் நடந்துவரும் நம் பயிற்சிக் கூடத்தில் அடுத்த தொகுதி நோயாளிகளுக்கான பயிற்சி வரும் மாதம் முதல் தேதி தொடங்க வேண்டும். அதற்கு வேண்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் சேரவில்லை. சுற்றி வளைக்க நேரமில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆனாலும் வரலாற்றைச் சொல்லாமல் கடிதத்தை அனுப்ப எங்கள் குழுவின் மூத்தவர்கள் விடமாட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நெஞ்சுவலிக்காரர் ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமடைந்ததைக் குறித்துவைத்தார். அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. 20ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் இதய நோயாளி என்றால் படுக்கைதான். மாரடைப்பு வந்தவரை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் 1952இல் எழுதியதே அந்நாளில் துணிச்சலான பேச்சு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு விடிவு வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. 1990இல் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் வெறும் 11 நோயாளிகளை வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கவைத்து, அவர்களின் தாங்குதிறன் கூடியதைக் காட்டினார்கள். இந்தப் பதினொரு பேரைப் பற்றி எங்கள் தலைவர் பேசத் தொடங்கினால் கூட்டம் முடியத் தாமதமாகும்.

பிறகு 2009இல் இதே நோயுள்ள 2,331 பேரைக் கொண்ட பெரிய பயிற்சி ஆய்வின் முடிவு வெளிவந்தது. பயிற்சி பெற்ற குழுவில், பெறாத குழுவைவிட, இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் சேர்ந்து 7 சதவீதம் குறைந்தன. ஆனால் புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு அல்ல, தற்செயலாகவும் இருக்கலாம். நோயின் தீவிரத்தைக் காட்டும் காரணிகளைக் கணக்கில் சேர்த்தபோது 11 சதவீதம், உறுதியாகவே. இதைச் சொன்னால் நன்கொடை குறையும் என்று குழுவிலேயே சிலர் தடுத்தார்கள். பொய்க் கணக்குச் சொல்லி வாங்கும் பணம் நமக்கு வேண்டாம். பயிற்சி ஆபத்தில்லாதது, நோயோடு வாழும் நாள்கள் சற்று எளிதாகின்றன என்பதை அதே ஆய்வு காட்டியது. இன்னொன்றையும் காட்டியது: மேற்பார்வையில் 36 முறை பயின்று வீட்டுக்குப் போனவர்களில் பலர், வகுத்துத் தந்த அளவுக்குப் பயிற்சியைத் தொடரவில்லை. அவர்களுக்கு வீட்டிலேயே சைக்கிளோ டிரெட்மில்லோ தரப்பட்டும் இந்த நிலை. அதனால்தான் இயந்திரங்களைவிட, பக்கத்தில் நிற்கும் ஆள்களுக்கே நாம் அதிகம் செலவிடுகிறோம். "இத்தனை சம்பளம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இதயத்தின் பம்பிங் குறைந்தவருக்கு மூச்சு வாங்குவதற்கு இதயம் மட்டும் காரணமல்ல. நடக்கப் பயந்து உட்கார்ந்தே இருப்பதால் கால் தசைகளும் மெலிகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதும் குறைகிறது. பயிற்சி முதலில் மீட்பது இவற்றைத்தான். கூடத்துக்குள் வந்தவுடன் எடை, நாடி, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருந்தாலோ, கால் வீங்கியிருந்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ அன்று பயிற்சி கிடையாது, மருத்துவரிடம் அனுப்பப்படுவார். மற்றவர்கள் உடலை மெல்லச் சூடேற்றிக்கொண்டு, பேச்சு அறுந்துபோகாத வேகத்தில் நடக்கவோ மிதிக்கவோ செய்வார்கள். தொகுதியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறோம். கடைசி அளவைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு.

கணக்கு இது. வாரம் 3 முறை, 12 வாரம், ஒருவருக்கு 36 அமர்வுகள். ஒரு தொகுதியில் 12 பேர் என்றால் 432 அமர்வுகள். இயன்முறை மருத்துவர் இருவர், செவிலியர் ஒருவர். கையிலிருப்பது 8 பேருக்கு மட்டுமே போதும். மீதி 4 பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான்கு சைக்கிள்களில் ஒன்று பழுது, அது பொறுக்கும். பொறுக்காதது, தாளம் தவறிய இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் டிஃபிபிரிலேட்டர். அதன் ஒட்டுப் பட்டைகள் இம்மாதத்தோடு காலாவதியாகின்றன. அவற்றை மாற்றாமல் ஒருவரையும் மிதிக்கவிட முடியாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம்.

இதுவரை கொடுத்தவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. மூன்று சைக்கிள்களைத் தந்து, பெயர்ப்பலகை வேண்டாம் என்றவருக்கு நன்றி. ஓய்வூதியத்திலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் ஆசிரியை அம்மாவுக்கு நன்றி. தந்தையின் நினைவு நாளில் அவர் பெயரால் ஒரு தொகுதிச் செலவை முழுவதும் ஏற்ற உடன்பிறப்புகளுக்கு நன்றி. கைப்பிடி வைத்த ஒரு டஜன் நாற்காலிகளை அனுப்பிய பெரியவரை முதலில் சிலர் கேலி செய்தார்கள், உடற்பயிற்சிக் கூடத்தில் உட்கார இடமா என்று. மருத்துவமனையிலிருந்து தளர்ந்து திரும்பும் முதியவருக்கு, நாற்காலியிலிருந்து எழுவதே பயிற்சி. 349 முதியவர்களைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வில், சமநிலை, வலிமை, நடை என்று அடிப்படையிலிருந்து தொடங்கிப் பயின்ற குழுவினரின் உடலியக்கம் மற்றக் குழுவினரைவிடத் தெளிவாக மேம்பட்டது. கேலி செய்தவர்களும் இப்போது அந்த நாற்காலிகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். ஒரு மாடி ஏற முடியாமல் வந்து, இங்கே பயின்று, இன்று படியேறிப் போகிறவர்களில் பலர் நம் கூடத்தின் படியை மறந்துவிட்டார்கள். அவர்கள் பயின்றபோது செலவை ஏற்றவர்கள் முன்பின் அறியாதவர்கள். காத்திருக்கும் நால்வரும் உங்களுக்கு முன்பின் அறியாதவர்களே. சிறு தொகையானாலும் வெட்கப்படாமல் கொடுங்கள். கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர்களே வெட்கப்பட வேண்டும்.

ஒருவரின் 36 அமர்வுகளையும் ஏற்கலாம். ஓர் அமர்வை மட்டும் ஏற்கலாம். பட்டைகளின் செலவை ஒருவரே ஏற்றால் இன்றே வாங்கிவிடுவோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவு கூடத்தின் வாசலிலேயே ஒட்டப்படும். சென்ற கூட்டத்தில் தொகை சொல்லிப் பெயர் எழுதிவிட்டு இன்னும் செலுத்தாதவர்கள் 25ஆம் தேதிக்குள் பொருளாளரிடம் சேர்ப்பித்துவிடுங்கள். 26ஆம் தேதிக் கூட்டத்தில் பட்டியலை அவர் உரக்க வாசிப்பார்.

இங்ஙனம்,
பயிற்சிக் கூடக் குழுவினர்