உட்காரப் போகிறவரை உட்கார்ந்து பார்க்க விடுங்கள்: செட்டிநாட்டுக் கார் ஷோரூம்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் கார் ஷோரூம் நடத்தும் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்காக வண்டி பார்க்க வந்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த வயதானவரைப் பின் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, ஓட்டிக் காட்டுங்கள். ஷோரூம் வரை வர முடியாதவர் என்றால் வண்டியை அவர் வீட்டு வாசலுக்கு அனுப்புங்கள். விலையில் தள்ளுபடி கேட்கவில்லை, இலவசமாக மிதியடியும் சீட் கவரும் கேட்கவில்லை. இது மட்டும் போதும்.

போன மாதம் உங்களில் ஒருவருடைய ஷோரூமுக்கு என் ஆத்தாவை, அதாவது அம்மாவை, அழைத்து வந்தேன். பெயரைப் போட்டு யாரையும் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் இல்லை. படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும். மற்றவர்களும் நமக்கில்லை என்று விட்டுவிட வேண்டாம். எங்கள் பங்காளி வீடுகளில், தெருவில், கோயிலில் பேசிப் பார்த்ததில், வேறு வேறு ஷோரூமுக்குப் போனவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள்.

ஆத்தாவுக்கு வயது 79. வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று அறுவை ஆகிவிட்டது. இடது முழங்காலையும் அப்படியே செய்ய வேண்டும் என்கிறார்கள். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. வீட்டில் பழைய வண்டி ஓய்ந்துவிட்டதால் புதிது வாங்கலாம் என்று சிங்கப்பூரில் இருக்கும் தம்பி சொன்னான். நான் உள்ளூரில் இருப்பதால் பார்க்கிற வேலை என்னுடையது.

காட்சிக்கு வைத்த வண்டி மேடைமேல் நின்றது. ஒரு படி உயரம், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்து வண்டியை ஒட்டி நிறுத்தியிருந்ததால் பின் கதவு பாதிதான் திறந்தது. ஆத்தா பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தபடியே செய்தார்கள். முதுகைக் காட்டித் திரும்பி, முதலில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். உட்கார்ந்தார்கள். சீட்மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை வழுக்கியது. முன்னால் சரிந்துவிடாமல் இருக்கக் கையைத் தூக்கிக் கதவுக்கு மேலே கைப்பிடியைத் தேடினார்கள். அந்த ரகத்தில் பின்னால் கைப்பிடியே இல்லை. இடது கால் உள்ளே போனது. மடங்காத வலது கால், முன் சீட்டுக்கும் பாதி திறந்த கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. செருப்பு கழன்று மேடைக்குக் கீழே விழுந்தது. சேலைக் கொசுவம் கதவு விளிம்பில் சிக்கியிருந்தது. நான் குனிந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டிருந்தபோது, உங்கள் விற்பனைத் தம்பி எனக்கு மேலே நின்று சன்ரூஃப் எப்படித் திறக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன சொல்லிக்கொடுத்தீர்களோ அதைச் சொன்னார். ஆனால் அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட ஆத்தாவைப் பார்த்து, "ஆச்சி, சீட் உங்களுக்குச் சரியா இருக்கா?" என்று கேட்கவில்லை. வண்டியே அவர்களுக்காகத்தான்.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். மேலாளர் வந்து, "நீங்க ஓட்டிப் பாருங்கக்கா, ஆச்சி சோபாவில உக்காந்திருக்கட்டும், பின்னால ஆள் ஏத்தக் கூடாது, கம்பெனி ரூல்" என்றார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் இல்லை என்றேன். அப்படியானால் டிரைவரை அழைத்து வாருங்கள் என்றார். டிரைவர் ஓட்டும்போது ஆத்தா பின்னால் உட்காரலாமா என்றேன். அதற்கும் இல்லை என்றுதான் பதில். அந்த விதியை எழுத்தில் காட்டுங்கள் என்றதும், வரி குறைந்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை, ஆள் பற்றவில்லை என்று பேச்சு மாறியது. இருக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதில் உங்களுக்கு வியாபாரம் கூடியிருந்தால் சந்தோஷம். ஆனால் கூட்டத்தைக் காரணம் சொல்லி எந்த வாடிக்கையாளரை ஓரமாக உட்கார வைக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

செட்டிநாட்டில் கார் யாருக்காக வாங்கப்படுகிறது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பணம் சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, மலேசியாவிலிருந்து வருகிறது. ஓட்டுவது மாதச் சம்பள டிரைவர், இல்லையென்றால் கூப்பிட்டால் வருகிற ஆக்டிங் டிரைவர். உட்காருவது எழுபதைத் தாண்டிய அப்பச்சிமாரும் ஆத்தாமாரும், அதாவது அப்பாக்களும் அம்மாக்களும். வாங்குகிறவர் ஒருவர், ஓட்டுகிறவர் ஒருவர், உட்காருகிறவர் ஒருவர். வாங்குகிறவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பி, லோன் கணக்குப் போட்டுக் கொடுத்து நன்றாகவே கவனிக்கிறீர்கள். ஓட்டுகிறவருக்குச் சாவியையே கொடுத்துவிடுகிறீர்கள். மூன்றாமவருக்கு ஒரு சோபா, ஒரு காபி.

அந்த மூன்றாமவர்தான் இந்த வண்டியில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் போய் மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிள்ளையார்பட்டிக்கும் வைரவன்பட்டிக்கும் அவர்தான் போகிறார். சொந்தத்தில் அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம், சாவு வீட்டுக் கேதம் என்று எது வந்தாலும் போய்த் தலைகாட்ட வேண்டியவரும் அவர்தான். வண்டி சரியில்லை என்றால் அவர் புகார் சொல்ல மாட்டார். பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்ததைக் குறை சொல்வதா என்று வாயை மூடிக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போவதை நிறுத்திக்கொள்வார். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டி நிழலில் உறை போட்டு நிற்கிற வீடுகளை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்திலேயே ஒரு அப்பச்சி, உயரமான எஸ்யூவி வாங்கிய பிறகு குன்றக்குடிக்குப் போவதையே விட்டுவிட்டார். அதன் பக்கவாட்டுப் படி ஒரு சாண் அகலம்கூட இல்லை. வேட்டியோடு அதில் கால் வைத்து ஒருமுறை சறுக்கியதோடு சரி.

உயரமான வண்டி பெரியவர்களுக்கு வசதி என்று விற்கிறீர்கள். ஆறடி மனிதருக்கு வசதிதான். ஐந்தடி இல்லாத, சேலை கட்டிய, முழங்கால் மடங்காத அம்மாளுக்கு அது ஏறுகிற வேலை. சரி, தாழ்வான செடான் பார்க்கலாம் என்றால் உட்காருவது சுலபம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு முழங்கால் இடுப்பைவிட மேலே போகிற மாதிரி தாழ உட்காரக் கூடாது என்றே டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். 1998-ல் சான்ட்ரோவும் 1999-ல் வேகன் ஆரும் வந்தபோது நம் பெரியவர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் உண்டு. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், திண்ணையில் உட்காருகிற மாதிரி அப்படியே உட்காரலாம். இன்றைக்கும் அந்த அளவில் வண்டிகள் இருக்கின்றன. எது என் ஆத்தாவின் அளவு என்பதை எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் உட்கார விடுங்கள் என்கிறேன்.

ஓடுகிற வண்டியில் தெரிவது அதைவிட அதிகம். நீங்கள் பைபாஸில் மட்டும் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுகிறீர்கள். நெடுஞ்சாலையில் எந்த வண்டிதான் நன்றாகப் போகாது? உள்தெருவில், வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடையில் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது பின் சீட்டில் இருப்பவருக்கு இடுப்பில் என்ன ஆகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. விலை கூடிய ரகத்தில் அழகுக்காகப் பெரிய சக்கரமும் பட்டையான டயரும் வருகிறது. அதே வண்டியின் சின்னச் சக்கர ரகம் சிலசமயம் முதுகுக்கு இதமாக இருக்கும். நீங்கள் ஓட்டிக் காட்டுவதோ எப்போதும் உச்ச ரகம். நாங்கள் வாங்குவது நடு ரகம். பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம், சரிதான். ஆனால் குள்ளமானவர்களுக்கு அந்தப் பட்டை கழுத்தில் அறுக்கிறதா, பூட்டுகிற இடம் சீட்டுக்குள் புதைந்து விரலுக்கு எட்டாமல் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது? ரெக்சின் சீட் என்றால் திரும்பி உட்காரச் சுலபம், ஆனால் பிரேக் போட்டால் ஆளைச் சறுக்குகிறது. துணி சீட் பிடித்து நிறுத்தும், காலைத் திருப்பச் சிரமம். எங்களுக்கு இதில் எது பரவாயில்லை என்று ஆத்தாதான் சொல்ல வேண்டும். சோபாவில் உட்கார்ந்துகொண்டு அவர்களால் சொல்ல முடியாது.

வண்டி செய்கிற கம்பெனிகள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஜப்பானில் டொயோட்டா 'வெல்கேப்' என்ற பெயரில் வண்டிகள் விற்கிறது. அவற்றில் இருக்கை கதவுப் பக்கம் திரும்பி, வெளியே வந்து தாழ்ந்து நிற்கிற வகையும் உண்டு. அங்கே சுசுகியின் ஸ்பேசியா என்ற சின்னஞ்சிறு காருக்குப் பின்பக்கம் இரண்டும் தள்ளு கதவு. நம் ஊரில் அந்த விலைக்குப் பக்கத்தில் தள்ளு கதவு வேண்டுமென்றால் மாருதியின் ஈகோ வேன்தான். வேகன் ஆருக்குத் திரும்பும் இருக்கை தருவதாக மாருதி 2025 டிசம்பரில் அறிவித்தது நல்ல செய்தி, ஆனால் முதற்கட்டம் சில நகரங்களுக்கு மட்டும். நமக்கு எப்போது வரும்? டாடா பஞ்ச், அல்ட்ராஸ் வண்டிகளின் கதவு 90 டிகிரி திறக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். வண்டிகளை நெருக்கி நிறுத்தினால் அதைக்கூட எப்படித் திறந்து பார்ப்பது? ஒரு கைப்பிடி என்ன விலை இருக்கும்? விலை குறைந்த ரகத்தில் முதலில் எடுத்துவிடுவது அதைத்தான். அரசுப் பேருந்தின் முதல் படியும் அவர்களுக்கு எட்டுவதில்லை, ரயிலடியில் இறங்குவதும் பாடு. எழுபது வயதுக்கு மேல் ஆனவர் வீட்டை விட்டு வெளியே வருவார் என்ற நினைப்பே யாருக்கும் இல்லாத மாதிரிதான் எல்லாவற்றையும் செய்கிறார்கள்.

இதையெல்லாம் நீங்கள் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். கைப்பிடி வைப்பதும் கதவு செய்வதும் உங்கள் கையில் இல்லை. பின் சீட்டில் பெரியவரை ஏற்றிக் காட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் கம்பெனிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு காலை நேரத்தைப் பெரியவர்களுக்காக ஒதுக்குங்கள். அன்றைக்கு ஒரு வண்டியையாவது மேடையிலிருந்து இறக்கி, நாலு கதவும் முழுசாகத் திறக்கிற மாதிரி சமதரையில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிடுங்கள். உறை போனால் அழுக்காகும் என்றால் ஒரு பருத்தித் துண்டு விரியுங்கள், நாங்களே கொண்டுவருகிறோம். வாங்கப் போகிற ரகத்தையே காட்டுங்கள். கேள்வியைப் பெரியவரிடம் கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது என்று உண்மையிலேயே கம்பெனி விதி இருந்தால் அதை எழுத்தில் கொடுங்கள், நாங்கள் கம்பெனியிடம் பேசிக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வண்டி அனுப்பச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நம் வீடுகள் உயரமான அடித்தளத்தில் கட்டியவை. வாசல்படி இறங்கித் தெருவுக்கு வருவதற்குள்ளேயே அவர்களுக்குப் பாதி பலம் போய்விடும். வண்டியைப் படியோரம் அணைத்து நிறுத்தினால் எந்தப் படியிலிருந்து ஏறலாம், கதவு படியில் இடிக்குமா என்பதெல்லாம் அந்த வாசலில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் விளம்பரங்களில் 'வீட்டிலேயே டெஸ்ட் டிரைவ்' என்று போடுகிறீர்கள். அதைச் செட்டிநாட்டுத் தெருக்களுக்கும் சேர்த்தே போட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் இரண்டு நாள் லீவில் பல்லவன் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். அந்த இரண்டு நாளுக்குள் முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

நாங்கள் இன்னும் வண்டி வாங்கவில்லை. பணம் தயாராக இருக்கிறது, தம்பியும் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஆத்தாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து எங்கள் தெருவையும் ஒரு வேகத்தடையையும் காட்டுகிற ஷோரூமில்தான் வாங்குவது என்று இருக்கிறோம். உங்களில் யார் முன்வந்தாலும் சரி, போன முறை சோபாவில் உட்காரவைத்தவர்களே வந்தாலும் சரி. முதல் நாள் ஒரு போன் செய்து சொன்னால் போதும், டிரைவரை வரச்சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வந்தால் நல்லது. வெயில் ஏறினால் ஆத்தாவால் முடியாது.

மரியாதையுடன்,
காரைக்குடியிலிருந்து ஒரு மகள்